பாதை திறந்த பின்

மட்டக்களப்பிலிருந்து காரைநகருக்குத் தரைவழியாகச் செல்வதென்றால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் பிரயாணஞ் செய்தல் வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குப் புறப்படும் ஒருவர், வழியில் அதிகம் தாமதியாவிட்டால், பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணியளவில் பொன்னாலைப் பாலத்தைக் கடந்து ஊருக்குள் நுழைந்துவிடலாம். இந்த ஒருநாட் பிரயாணத்தைச் செய்து முடிக்க எங்கள் குடும்பத்துக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் வரையிற் சென்றன. அந்தக் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

காரைநகரார் வியாபாரத்துக்குப் பெயர் போனவர்கள். இலங்கையின் எந்தப் பட்டினத்துக் கடைத்தெருவிலும் ஒரு காலத்தில் அவர்களுடைய கடையொன்றைக் காணலாம். என் தந்தையின் தகப்பனாரும் அவ்வாறு மட்டக்களப்புக்கு வந்து கடை வைத்தவரே. ஊரின் பழைய பெயர் காரைதீவு. கிழக்கிலும் ஒரு காரைதீவு இருப்பதனால், மயக்கம் நேராதிருக்கும் பொருட்டு வடக்கிலுள்ளது காரைநகர் ஆயிற்று. பெயரை மாற்றிக்கொண்டார்களேயன்றி, ஊரை விட்டுப் பிரிந்தவர்கள் ஊரை மறக்கவில்லை. பெண்ணெடுப்பதும் கொடுப்பதும் ஊரில். மார்கழித் திருவாதிரைக்கு ஈழத்துச் சிதம்பரத்திற் கூடுவதும் ஊரில். என் தாயாரும் அங்கிருந்து மணமாகி வந்தவர்தாம்.

நான் சிறுவனாயிருந்த நாளிற் புகையிரதத்திலேயே செல்வோம். மட்டக்களப்பிலிருந்து வரும் இரவு வண்டியிலிருந்து மாகோச் சந்தியில் இறங்கி, வடக்கே போகும் வண்டிக்காக மேடையிற் பாய் விரித்துப் படுத்திருப்போம். நுளம்புக் கடியும், தேத்தண்ணீர்க்காரனின் குரலும், 'சிக்னல்' விழுந்துவிட்டதா என்று அடிக்கடி எழுந்து பார்க்கும் தந்தையாரின் நிழலுமே எனக்கு அந்தப் பிரயாணங்களில் மிஞ்சியிருக்கும் நினைவுகள். கடைசியாக அவ்வாறு சென்றது 1989 ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டிலே போர் மூண்டது. வடக்கே வண்டி நின்றது. 1991 ஆம் ஆண்டிற் காரைநகர் மக்கள் ஊரையே விட்டு இடம்பெயர்ந்தார்கள். என் தாயாரின் ஒரே தம்பி, எங்கள் மாமா, மனைவி மக்களுடன் மானிப்பாயில் ஒரு வீட்டின் ஓரத்தில் ஒதுங்கினார்.

1997 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் தந்தையார் மட்டக்களப்பிற் காலமானார்.

எம்மவரிடையே ஒரு பெண் கணவனை இழக்கும்போது, அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். சகோதரன் கொண்டுவந்து கொடுப்பது முறை. அது துணியன்று, 'உனக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்' என்று ஊரறியச் சொல்லும் வார்த்தை. அன்று அம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வரவில்லை. ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் அந்த இடத்தில் நின்று காரியத்தை நிறைவேற்றினார். அம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், மரண அறிவித்தலை நாங்கள் இதே வானொலியிற் கொடுத்திருந்தோம். காரைநகரையும் மானிப்பாயையும் பெயர் சொல்லியே அறிவித்தார்கள். "தம்பி கேட்டிருப்பான்" என்பது அம்மாவின் உறுதியான நம்பிக்கை. கேட்டும் வராதவன் என்று அவர் மனத்தில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது.

சென்ற மார்கழியில் அந்த முடிச்சையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வான் புறப்பட்டது. கனடாவிலிருந்து மாமாவின் மகள் எழுதியிருந்தாள்: எங்கள் பூட்டனாரின் சந்ததியார் யாவரும், எந்த நாட்டிலிருந்தாலும், திருவாதிரைக்கு ஊரிற் கூடவேண்டுமென்று. அம்மாவுக்கு எண்பது வயது. "நான் ஆதிரை பார்க்கத்தான் வாறன், வேறொருவரையும் பார்க்கவல்ல" என்று முன்னதாகவே சொல்லிவிட்டார். ஆயினும், புறப்படும்போது எருமைத் தயிர் முட்டியொன்றைப் பழஞ்சேலையிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். மட்டக்களப்புத் தயிர் யாருக்கென்று என் மனைவி கேட்டாள். "ஆருக்கும் ஆகட்டும்" என்றார்.

வண்டியில் நாங்கள் ஒன்பது பேர், சாரதி வேறு. என் தங்கையின் கணவர் எல்லாப் பிரயாணங்களையும் ஓர் ஓட்டப்பந்தயமாக எண்ணுபவர். எங்கே நிறுத்தினாலும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மாரிக்கு ஓட்டமாவடியிலிருந்து புணானை வரை இருபுறமும் வெள்ளம் நின்றது. மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடந்தபோது, பக்கத்திலே பழைய இரும்புப் பாலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒரு காலத்திற் புகையிரதமும் மோட்டார் வண்டிகளும் முறைபோட்டு அதே பாலத்தாற் சென்றன என்று சொன்னபோது அவர்கள் நம்பவில்லை.

பொலனறுவையில் நான் பிடிவாதமாக வண்டியை நிறுத்தினேன். சரித்திரம் கற்பித்த பழக்கம் எளிதில் விடுவதில்லை. வானவன்மாதேவீச்சரம் என்ற சிவாலயம் சோழர் காலத்தது. முழுவதும் கல்லாற் கட்டியது. அதைச் சூழ்ந்த மாடமாளிகைகள் பல செங்கற் குவியலாகிவிட, இது ஏறக்குறைய முழுமையாக நிற்கின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எந்தப் பாதையால் யார் வந்து இதைக் கட்டினார்களென்று நான் தொடங்க, மைத்துனர் மணிக்கூட்டைக் காட்டினார். மூன்றரை நிமிடத்திற் சோழர் காலம் முடிந்துவிட்டது.

ஹபரணை, மரதன்கடவளை கடந்து, யாழ்ப்பாணம் செல்லும் ஏ ஒன்பது வீதியில் ஏறினோம். மிகிந்தலைக் குன்று வலப்புறம் தெரிந்தது. வவுனியாவிற் சாப்பிட்டுவிட்டு மேலே செல்லும்போது, ஓமந்தையில் என் மகள், "இங்கே என்ன இருந்தது? எல்லாரும் ஏன் பேச்சை நிறுத்தினீர்கள்?" என்று கேட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. எங்களை அறியாமலேயே நாங்கள் பேச்சை நிறுத்தியிருந்தோம். சோதனைச் சாவடியிருந்த இடம் இப்போது சாதாரண வெளி. அங்கே இறங்கி, பொதிகளைச் சுமந்து, வரிசையில் நின்று, பெயர் பதிந்து, மறுபுறம் வேறொரு வண்டியில் ஏறிய நாட்களை எவ்வாறு விளக்குவது? பாதை 2002 ஆம் ஆண்டிலே திறந்தது, 2006 ஆம் ஆண்டிலே மறுபடியும் மூடியது, போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது என்று வகுப்பறையிற் சொல்வது போலச் சொன்னேன். "அப்படியென்றால் 2009 க்குப் பிறகு நாங்கள் ஏன் வரவில்லை?" என்றாள்.

பரீட்சை, வேலை, பெற்றோல் விலை என்று ஏதோ சொன்னேன். அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

முறிகண்டியில் நிறுத்தாமற் போகும் வண்டி எதுவும் இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, சுடச்சுட வறுத்த கச்சான் வாங்கினோம். வாசலில் இறங்கிய அம்மா, அந்தச் சிறிய கோயிலைச் சுற்றிவந்து, "எல்லாம் மாறிப்போச்சு, இவர் மட்டும் அப்படியே இருக்கிறார்" என்றார். நெடுநேரத்துக்குப் பின் அவர் பேசிய முதல் வார்த்தை அது. அதன் பிறகு அவருடைய பேச்சு நிற்கவில்லை. ஆனையிறவிலே தண்ணீர் வெள்ளித் தகடு போலக் கிடந்தது. 1991, 2000, 2009 என்று பாடப்புத்தகங்கள் எழுதவேண்டிய ஆண்டுகள் அந்த வெளியில் உண்டு. அம்மாவோ 1965 அளவில் இவ்விடத்தில் தம்பி புகையிரத யன்னலால் தலையை நீட்டி அடிவாங்கிய கதையைச் சொன்னார். முகமாலையிற் தலையிழந்து நிற்கும் பனைகளைக் கண்டதும் அந்தக் கதை பாதியில் நின்றது. தென்னந்தோட்டங்கள் வந்தபின் மீண்டும் தொடர்ந்தது.

வாகனத்திலே இன்னொரு வகுப்பும் நடந்தது. உறவுமுறை வகுப்பு. ஊரிற் சந்திக்கப்போகிறவர்களை எவ்வாறு அழைப்பது என்பதைத் தங்கை பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். பெரியையா யார், ஆசையம்மா யார், அம்மாவின் தம்பி எங்களுக்கு மாமாவானால் பிள்ளைகளுக்கு யார், அவருடைய பேரன் மச்சானா அல்லவா என்று பெருங்குழப்பம். மட்டக்களப்பிற் பிறந்த என் மனைவி தங்கள் பக்கத்துக் குடிவழி முறையைச் சொல்லி இன்னும் குழப்பினாள். 'அங்கிள்', 'ஆன்ரி' என்ற இரு சொற்களால் இவ்வளவையும் தீர்த்துவிடலாமே என்று என் மகன் அபிப்பிராயம் சொன்னான். சுருக்கம் என்ற அளவில் அவன் சொன்னது சரிதான். ஆனால், கோடிச் சேலை கொண்டுவரவேண்டியவர் எந்த 'அங்கிள்' என்று அந்தச் சொல்லிலிருந்து எவரும் அறியமுடியாது. இதை அவனுக்கு நான் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய், சங்கானை வழியாகச் சென்று, பொன்னாலையில் வரதராஜப் பெருமாள் கோயிலைக் கடந்தால் கடல். கடலை ஊடறுத்துச் செல்லும் தெருவில் வண்டி ஓட, இருபுறமும் கழிகளை நட்டுக் கட்டிய சிறகுவலைகளும் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகளும். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. அம்மா சேலைத் தலைப்பாற் தயிர் முட்டியின் வாயை இன்னும் இறுக மூடினார்.

மாமா படலையடிக்கு வரவில்லை. மாமிதான் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமா தலைவாசலில், தூணோடு ஒட்டி, வெள்ளை வேட்டியும் சால்வையுமாக நின்றார். "வாருங்கோ" என்றார். யாரை நோக்கிச் சொன்னாரென்பது தெளிவாகவில்லை. அம்மா நேரே அடுக்களைக்குட் சென்றுவிட்டார்.

இரண்டு நாட்கள் அப்படியே கழிந்தன. ஒரே கூரையின் கீழ், எண்பது வயது அக்காவும் எழுபத்தாறு வயதுத் தம்பியும் ஒருவர் இருக்கும் அறையில் மற்றவர் இராமற் பார்த்துக்கொண்டார்கள். திருவாதிரையன்று, விடிய முன்னரே, ஆருத்திரா தரிசனத்துக்குக் கோயிலுக்குப் புறப்பட்டோம். மழை விட்டிருந்தது, ஒழுங்கையிற் தண்ணீர். மாமா 'ரோர்ச்' வெளிச்சத்தைத் தன் காலடிக்கு அடிக்காமல், பின்னால் வந்த அம்மாவின் காலடிக்கு அடித்துக்கொண்டே பின்னோக்கிப் பார்த்துப் பார்த்து நடந்தார். ஒரு பள்ளத்தில் அவரே காலை வைத்துத் தடுமாறினார். இருவரும் பேசவில்லை.

மறுநாள் ஒன்றுகூடல். முற்றத்திற் பந்தல், நூற்றுக்கு மேற்பட்ட சனம். கொழும்பு, வவுனியா, லண்டன், ரொறன்ரோ எனப் பல இடத்துத் தமிழும் பந்தலின் கீழ் ஒலித்தது. சமையலுக்கு நல்ல தண்ணீர் வண்டியில் வந்திறங்கியது; தீவிலே கிணறுகள் பல உவர். அண்டாவிற் கூழ் கொதித்தது. சுவரிலே மாமாவின் மகள் தயாரித்த வம்சாவளிப் படம் ஒட்டியிருந்தது. பூட்டனார் உச்சியில், கிளைகள் கீழே. என் பெயரைத் தேடிக் கண்டேன். எழுத்துப் பிழையோடிருந்தது. அதன் கீழே இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. எனக்கு இரண்டு பிள்ளைகள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது; பெயர் தெரியவில்லை. பாடசாலையில் ஆயிரம் பிள்ளைகளின் பெயரை இடாப்பிற் சரிபார்க்கும் எனக்கு அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்த்து நிற்க இயலவில்லை. என் மகள் பென்சிலை வாங்கித் தன் பெயரையும் அண்ணனின் பெயரையும் எழுதினாள். எழுதிவிட்டு, பக்கத்தில் நின்ற மாமாவைப் பார்த்து, மூன்று நாட்களாக வயிற்றிலிருந்த கேள்வியைக் கேட்டாள்: "தாத்தா, நீங்கள் ஏன் ஒரு நாளும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை?"

பந்தலின் கீழிருந்தவர்கள் திரும்பினார்கள். அம்மா இலை துடைத்துக்கொண்டிருந்தார். மாமா பிள்ளைக்கு மறுமொழி சொல்லவில்லை. அக்காவைப் பார்த்தே சொன்னார்.

"எங்கட வீட்டில் றேடியோவுக்குப் பற்றறி இல்லை, அக்கா. அறிவித்தலை அடுத்த வீட்டுக்காரர் கேட்டுவிட்டு மறுநாட் காலையில் வந்து சொன்னார். அண்டைக்கே யாழ்ப்பாணம் போய்ச் சேலை வாங்கினேன். கப்பலுக்கு அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். தினமும் போய் நின்றேன். அனுமதி வரும்போது அந்தியேட்டியும் முடிந்துபோச்சு."

அக்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறுவதற்கு அனுமதி வேண்டும். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கப்பலில் இடம் வேண்டும். கடலும் இடங்கொடுக்க வேண்டும். வன்னியிலோ பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. இவையெல்லாம் அம்மாவுக்குத் தெரியாதவையல்ல.

"அது பாதை பூட்டியிருந்த காலம். அதை நான் அப்பவே விட்டுவிட்டேன்" என்றார் அம்மா. "2002 இலே பாதை திறந்ததே. அப்ப ஏன் வரவில்லை?"

மாமா சால்வையால் முகத்தைத் துடைத்தார். "வெட்கமாயிருந்தது, அக்கா. கோடி கொண்டுவராதவன் ஐந்து வருஷம் கழித்து எந்த முகத்தோடு உன்ர படலையைத் திறக்கிறது? அடுத்த வருஷம் போவம், அடுத்த வருஷம் போவம் என்று இருந்தேன். பிறகு மறுபடியும் பூட்டினார்கள். அது எனக்கு ஒரு வகையில் வசதியாகவும் போச்சு."

நேயர்களே, இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது எனக்கு வாய் திறக்காமலிருக்க முடியவில்லை. 2003 ஆம் ஆண்டில், ஆசிரியர் கருத்தரங்கொன்றுக்காக நான் யாழ்ப்பாணம் சென்றிருந்தேன். மூன்று நாட்கள் பட்டினத்தில் தங்கினேன். காரைநகர் அங்கிருந்து இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல். மாமா ஊர் திரும்பிவிட்டாரென்பது எனக்குத் தெரியும், பஸ் ஓடியது, மாலைகள் ஓய்வாகவே இருந்தன. நல்லூருக்குப் போனேன், சந்தையிற் பனங்கட்டி வாங்கினேன், திரும்பிவிட்டேன். மாமா எங்களுக்குச் செய்த பிழைக்கு அது தண்டனையென்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, நேரங் கிடைக்கவில்லையென்று கூட அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அத்தனை ஆண்டுகளாக ஒளித்துவைத்ததை அன்று அந்தப் பந்தலின் கீழே சொன்னேன்.

தம்பி மீதிருந்த கோபம் முழுவதையும் அம்மா என் மேல் திருப்பினார். "அவனுக்கு வெட்கம். உனக்கென்ன?" என்றார். "படித்து, பட்டம் பெற்று, ஊர்ப்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறவன். இருபது கிலோமீற்றர் உனக்குத் தூரமாகப் போய்விட்டதோ?" என் மாணவர்கள் எவருக்கும் நான் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பாடசாலை அதிபர், லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்த உறவினர் முன்னிலையிலே, தலைகுனிந்து நின்று ஏச்சு வாங்கினார். மாமா என் தோளிற் கையைப் போட்டு, "விடு அக்கா, மருமகனை ஏசாதே" என்று பரிந்து பேசினார். 1997 ஆம் ஆண்டின் பின் அம்மாவின் பேச்சுக்கு அவர் குறுக்கே பேசியது அதுதான் முதல் முறை.

சிறிது நேரம் கழித்து அம்மா கேட்டார்: "அந்தச் சேலை எங்கே?"

மாமிதான் மறுமொழி சொன்னார். பெட்டியில் இரண்டு வருஷம் கிடந்ததாம். 1999 ஆம் ஆண்டில், மானிப்பாயில் அடுத்த வீட்டில் ஒரு பெண் கணவனை இழந்தாள். அவளுடைய சகோதரர்கள் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள், வர வழியில்லை. சேலையை எடுத்துக்கொண்டு போய், அவர்களுடைய இடத்தில் நின்று, மாமாவே போட்டாராம். "உங்களைக் கேளாமற் கொடுத்துவிட்டோம், மச்சாள்" என்றார் மாமி.

அம்மா கையிலிருந்த இலையைத் துடைத்து முடித்து, அடுக்கின் மேல் வைத்தார். "கோடியை வைத்திருக்கக்கூடாது. கொடுத்தது சரி" என்றார்.

பிறகு எழுந்து உள்ளே போய், தயிர் முட்டியைக் கொண்டுவந்து தம்பிக்கு முன்னால் வைத்தார். மூன்று நாளாக அடுக்களை மூலையில், மாரிக்குளிரையும் மீறி, அது நன்றாகப் புளித்திருந்தது. மாமா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்ததும் கண்ணை இறுக மூடினார். "வந்த அண்டைக்கே தந்திருக்கலாம், அக்கா" என்றார்.

"பனங்கட்டி போட்டுச் சாப்பிடு" என்றார் அம்மா.